நான்காம் படி

திங்கட்கிழமைதோறும் இந்த மாடிப்படி ஏறுகிறேன்.
சாவுக்குப் பணம் வசூலிப்பவன் நான்.
வாரம் கால் டாலர். செத்தால் ஒரு பெட்டி,
இரண்டு கார், பாதிரிக்கு ஐந்து டாலர்.
பாலுக்குக் காசில்லாத வீட்டிலும்
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் எனக்கான நாணயம் இருக்கும்.
ஆறிலும் சாவு, நூறிலும் சாவு,
மாநகராட்சிக் குழியில் மட்டும் கூடாது.
சின்சினாட்டியின் இந்தப் பள்ளத்தில்
எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் கட்டிடத்தின் சொந்தக்காரர்
படிக்கட்டின் கீழே கழுத்து திரும்பிக் கிடந்தார்.
லாரன்ஸ் ஷெஃபர்ட். மேட்டில் வீடு, வெள்ளை மனைவி,
ஒரு கையில் மட்டும் கையுறை.
வாடகைக்கு எப்போதும் ஆள் அனுப்புகிறவர்
இரவு பதினொரு மணிக்கு இங்கே ஏன் வந்தார்?
போலீஸ் அதைக் கேட்கவில்லை.
வாடகை பாக்கி யார் என்று கேட்டது.
ஓஸி மேயின் மகன் டெல்மர், பதினாறு வயது,
போன வாரம் அவரைத் திட்டினானாம்.
நாங்கள் எல்லோரும் திட்டியவர்கள்தான்.
அவன் கொஞ்சம் சத்தமாகத் திட்டிவிட்டான்.

மூன்றாம் மாடி ஐடெல்லா ஷார்ப்
என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.
"என் தம்பி போயிட்டான், மிஸ்டர் பெட்டிஃபோர்ட்."
லெமுவேல் ஷார்ப். பத்தொன்பது வருஷமாய்
தன் காசோடு அவன் காசும் கட்டியவள்.
அந்தத் தம்பியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
எங்கே செத்தான் என்றேன்.
அவள் தரையைக் காட்டினாள்.

அடுப்புக்கு மேல் கம்பியில்
ஒற்றைக் கையுறை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

என் பாலிசியில், இனம்: கறுப்பு.
சவக்கிடங்குச் சீட்டில், இனம்: வெள்ளை.
பிறந்த தேதி ஒன்று.
காதுக்குக் கீழே பழைய தீக்காயம், அதுவும் ஒன்று.

"மாசம் ஒரு ராத்திரி வருவான்.
கரிக்குக் காசு வைப்பான். விளக்குப் போட விடமாட்டான்.
அந்தப் படியைச் சரிபண்ணுடான்னேன்.
ஒண்ணைத் தொட்டா கட்டிடம் முழுக்கத் தொடணும்னான்."

அந்தப் படி.
தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்,
மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவ வேண்டும்.
ஏறும்போது அது நான்காவது.
இறங்கும்போது பதினொன்றாவது.
மேலே போய்விட்டவன்
திரும்பும் கணக்கை வைத்திருக்கவில்லை.

"எழுதாதீங்க," என்றாள்.
"மேட்டில் அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க.
நாளைக்கு ஊரே அதுங்க தலைமுடியை உத்துப் பார்க்கும்."

என் பையில் டெல்மரின் பாலிசியும் இருந்தது.
மின்நாற்காலிச் சாவுக்கு எங்கள் கம்பெனி பணம் தராது.
ஒன்பதாம் பிரிவு.
அதை அவளிடம் சொன்னேன்.
வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள்.
சர்ச்சுக்குப் போடும் தொப்பியைப் போட்டாள்,
ஊசி குத்தினாள், கையுறையை எடுத்துக்கொண்டாள்.

செத்தவருக்கு நீ என்ன வேணும் என்றான் போலீஸ்காரன்,
தலை நிமிராமல், துணி வெளுப்பவளா என்றும் கேட்டான்.
கையுறையை அவன் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"அவனுக்கு நடக்கப் பழக்கினவள்."

டெல்மர் பதினோரு நாள் கழித்து வந்தான்,
முன்பல் ஒன்று இல்லாமல்.
தம்பியை அதற்கு முன்பே அவசரமாய் மேட்டில் புதைத்துவிட்டார்கள்,
வேலிக்கு உள்ளே எங்களை விடாத மண்ணில்.
ஏப்ரலில் அந்த வீட்டில் வேறு திரைச்சீலை.
கம்பெனி எழுதியது: பெயர் பொருந்தவில்லை,
இனம் பொருந்தவில்லை, இருநூறு டாலர் மறுக்கப்படுகிறது.
கடிதத்தை நானே படித்துக் காட்டினேன்.
அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கு டெல்மர் பலகை அடித்துவிட்டான்,
பழக்கூடைப் பலகை, ஆரஞ்சுப் படம் இன்னும் தெரிகிறது.
யாரும் அதை மிதிப்பதில்லை. என் காலும் தாவுகிறது.

இன்று திங்கள்.
ஐடெல்லா மேசைமேல் இரண்டு நாணயம் வைத்தாள்.
ஒன்றைத் திருப்பித் தள்ளினேன்.
என் பக்கமே தள்ளினாள்.
பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்,
எந்தப் பெயர் என்று கேட்க வாய் வராமல்.