மூன்று இலை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரவு
கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் என்ன என்றேன்.
அதேரிட்டு வெறுங்கையை நீட்டிக் காட்டினார்.
சத்தம் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

பொந்த்தி த லீமாவில் எங்கள் கொல்லையில்
ஆளுயரத்துக்குக் கேல் கீரை.
அதை மயிரிழையாய்ச் சீவிப் போடாத சூப்
இந்த வீட்டில் சூப்பே இல்லை.
ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைக்கும் அதற்கும்
ஆகாது என்று யாரோ சொல்ல,
அரிவாளோடு கிளம்பியவரை
வாசலில் மறித்தேன்.

நர்ஸ் ஒடேட் விரலில் குத்தி
ஒரு சொட்டை இயந்திரத்துக்கு ஊட்டினாள்.
எண் வரும்வரை மழையைப் பற்றிப் பேசினாள்.
ஒன்று புள்ளி எட்டு. போதாது.
"மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார்.
கீரையை வெட்டாதீர்கள்.
நேற்று எவ்வளவோ, இன்றும் அவ்வளவு."

நாற்பது வருடம் கண்ணளவில் சமைத்தவள்
இலை எண்ணுகிறேன்.
மூன்று.
பிரான்சிலிருந்து மகன் வந்த அன்றும் மூன்று.
திராட்சைக்கொடி ஏணி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.
சவரக்கத்தி எங்கே என்று அவர் கேட்பதில்லை,
நான் சொல்வதுமில்லை.

நேற்று நடுராத்திரி சத்தம் கேட்கவில்லை.
பதறி எழுந்து மார்பில் காதை வைத்தேன்.
ஓட்டின்மேல் மழை.
அதுதான் மூடியிருந்தது.

"தூங்கு, தெயோலிந்தா," என்றார்,
"ஓடுகிறது."