ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி

விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றார்கள்.
எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்.
அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டேன்.
அன்றிலிருந்து பல்கலைக்கழகம் எழுதுகிறது:
அன்புள்ள சின்னக்கருப்பு,
மூன்றாம் பருவக் கட்டணம் நிலுவையில் உள்ளது.
அன்புள்ள சின்னக்கருப்பு,
மருத்துவமனை மேலாண்மையில்
உங்கள் எதிர்காலம் காத்திருக்கிறது.
நாலாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு
வாசித்துக் காட்டினால்
பீஸ் யார் கட்டுறது, நானா என்பார்.

செக்கானூரணியிலிருந்து கோரிப்பாளையம்
முக்கால் மணி நேர பஸ்.
பாடத்தை ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டால்
காளவாசல் சிக்னலுக்குள் ஓர் அலகு முடியும்.
பேராசிரியர் எலிக்குரலில் சொன்னதில்
பாதி ஹாரனுக்குப் போகும்.
மீதியை வைத்துத்தான் இரண்டு பருவம் தேறினேன்.

பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
நிழலைப் பார்த்தே தெரியும்
இது பழைய காசத்தின் வடு,
இது நேற்றைய இருமல்.
சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
சென்டரை வாங்கிய புது நிர்வாகம்
ஷிப்ட் பொறுப்புக்குப் பட்டம் வேண்டும் என்றது.
டிப்ளமோ என்ற சொல்
சம்பளச் சீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்.

தேர்வு, ஞாயிறு இரவு பத்து மணி.
அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது,
நாலு சுவரையும் கேமராவுக்குக் காட்ட வேண்டும்.
எங்கள் வீட்டில் நாலு சுவருக்குள் ஐந்து பேர்.
நைட் டூட்டியைக் கேட்டு வாங்கி,
தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்போடு
எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்தேன்.
ஈயத் தகடு அடித்த சுவர். சிக்னல் நுழையாது.
கதவைத் திறந்து
நிலைப்படியில் ஸ்டூலைப் போட்ட பின்தான்
இரண்டு கோடு வந்தது.

திரை சொன்னது:
முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்.
தோள்களை நேராக வையுங்கள்.
அசையாதீர்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிக்கக் கூடாதென்று விதியில் இல்லை.
யோசித்தால் அண்ணாந்து பார்ப்பது என் பழக்கம்.
பார்வை விலகுகிறது: முதல் எச்சரிக்கை.

நாற்பத்தொன்றாம் கேள்வி.
நோயாளி காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கக்
கீழ்க்கண்டவற்றில் சிறந்த வழி எது.
அந்நேரம் காசிம் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
பரவை மார்க்கெட்டில்
தக்காளிப் பெட்டியோடு லாரியிலிருந்து விழுந்த லோடுமேன்.
சட்டையின் சிவப்பு பெரும்பாலும் தக்காளி.
மூச்சைச் சில்லறை சில்லறையாக விட்டார்.
"பரீட்சையாக்கா? முடிச்சிட்டே வாங்க,
டூட்டி டாக்டரே டீக்குப் போயிருக்காரு."
அந்த ஆள்
நான் வழிவிடக் காத்திருந்தார்,
தப்பு தன்மேல் என்பது போல.

இரண்டாவது முகம் தென்படுகிறது
என்றது திரை.
ஆமாம் என்று எழுந்தேன்.

சட்டையக் கழட்ட முடியல தாயி.
வேணாம்யா, பொத்தானை மட்டும் அவுத்துக்கிறேன்.
தாடையைத் தூக்குங்க.
மூச்சை இழுங்க.
அடக்குங்க. அசையாதீங்க.

விட்டுருங்க.

ஏழாவது விலா, எட்டாவது விலா.
நுரையீரல் தப்பித்திருந்தது.
இதையும் நான் சொல்லக் கூடாது.
சொன்னேன்.

திரும்பி வந்தால் திரை ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தது.
முகம் தென்படவில்லை: ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி.
காரணத்தை இருநூறு எழுத்துக்குள் தரவும்.
விலா எலும்பு இரண்டு என்று எழுதினேன்.
எழுத்து மிச்சமிருந்ததால்
ஆள் பிழைத்துக்கொண்டார் என்றும் எழுதினேன்.
நாற்பத்தொன்றுக்கு இ போட்டேன்.
தெரிந்து போட்டதா என்றால்
தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, பஸ் நாகமலையைத் தாண்டும்போது,
அன்புள்ள சின்னக்கருப்பு,
உங்கள் விளக்கம் பரிசீலனையில் உள்ளது.
அடுத்த பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் பதினைந்து.

பதினாலாம் தேதி ராத்திரி
சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.
ரசீது
அப்பா பெயரில் வந்தது.