தீஸ் என்றால் ஒரு கண்ணாடி

கமர்ஷியல் தெருவில்
பத்தடி அகலக் கண்ணாடிக் கடை.
நானூற்றுப் பதினெட்டு ஃப்ரேம்கள்.
வியாழன்தோறும் எண்ணித் துடைப்பவள் நான்.

வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.
விரலை நீட்டுகிறார்கள்.
தட் ஒன்.
நோ நோ, நாட் தட். தட்.
ஒரே சொல், ஒரே விரல்,
நடுவில் நாற்பது ஃப்ரேம்.
ஏணியில் நின்றபடி
ஒவ்வொன்றாய்த் தொட்டு
திரும்பித் திரும்பி முகத்தைப் பார்ப்பேன்.
முகம் மலர்ந்தால் அதுதான் தட்.

ஞாயிறு வகுப்பில் ஷெரின் டீச்சர்
(என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்)
பலகையில் நாலு சொல் எழுதினாள்.
கிட்டத்தில் இருந்தால் திஸ்,
எட்டத்தில் இருந்தால் தட்.
இதற்கா நூற்றைம்பது ரூபாய் என்றிருந்தது.
கன்னடத்திலும் இது இதுதான், அது அதுதான்.
இந்த ஊரில் இறங்கிய முதல் காலை
மெஜஸ்டிக்கில் நான் தின்ற வாழைப்பழம்
அந்த இரண்டு சொல்லால் வாங்கியது.

பலவானால் தீஸ் என்றாள்.
தள்ளி நிற்கிற கூட்டம் தோஸ்.
திஸ்ஸும் தீஸும் காதில் ஒன்றாகவே விழுந்தன.
நோட்டில் இப்படி எழுதிக்கொண்டேன்:
ஒன்று என்றால் குறில்.
பல என்றால் நெடில்.
டீச்சருக்குப் புரியவில்லை.
பின்வரிசை டைலர் அந்தோணிராஜ் மட்டும்
எட்டிப் பார்த்து "அட" என்றார்.

திங்கள்கிழமை கடையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு பெண், ஒரு மூக்கு, ஒரு ஃப்ரேம்.
கண்ணாடி போட்டுக் கண்ணாடி பார்த்துத்
தலையைச் சாய்த்து
தீஸ் ஆர் நைஸ் என்றாள்.
மறுபடி எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது.
இம்தியாஸ் பாயைக் கேட்டேன்.
ரெண்டு கண்ணுக்கு ரெண்டு வட்டம்,
அதனால தீஸ்.
சட்டைக்கும் ரெண்டு கை இருக்கே பாய்?
பில்லைப் போடு என்றார்.

பில்லையும் என்னால் வாசிக்க முடியவில்லை.
போன மாதம் எனக்கு வெள்ளெழுத்து.
எதிர்க்கடைப் பலகையின் பொடி எழுத்து பளிச்சென்றிருக்க
கைக்குள் இருக்கிற தாள் கலங்குகிறது.
தள்ளிப் பிடித்தால் தெளிகிறது.
திஸ் தெரிய
அதைக் கொஞ்சம் தட் ஆக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு
திஸ் இஸ் மை பென்,
திஸ் இஸ் மை மதர்.
எனக்குச் சுருக்கென்றது.
உயர்திணை அஃறிணை எல்லாம் கிடையாதா டீச்சர்?
அவள் சிரித்துவிட்டுப் பயிற்சி மூன்றுக்குப் போனாள்.

என் வீட்டுக்காரர் என்னைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ஆட்கள் வந்தால்
என் பக்கம் தாடையை அசைத்து
"இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்.
மிக்ஸிக்கும் எனக்கும் ஒரே சொல்.
கையெட்டும் தூரத்தில்தான் இருந்தேன்,
இலக்கணப்படி சரி.
அவர் கோலாருக்குப் போய்ப் பதினொரு வருஷம்.
அவரை நான் அவர் என்பதா, அவன் என்பதா,
அது என்பதா,
கிழமைக்கு ஒன்றாய் வருகிறது வாயில்.

வெள்ளி மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.
கடை போன் அடித்தது.
நான் எடுப்பதில்லை. எடுத்தேன்.

இஸ் தட் நூர் ஆப்டிகல்ஸ்?

அந்த முனைக்கு நாங்கள் தட்.
கடை, ஏணி, நானூற்றுப் பதினெட்டு, நான்.
யெஸ் சார், திஸ் இஸ்
என்று தொடங்கிய நாக்கு
மிக்ஸி வரை போய்த் திரும்பியது.
திஸ் இஸ் குணசுந்தரி.

பார்க்க யாருமில்லாத கடையில்
என் சுட்டுவிரல் தானாக வந்து
நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டிருந்தது.

அவருக்குத் தெரியவேண்டியது
தன் கண்ணாடி வந்துவிட்டதா என்பதுதான்.
உறையைத் திறந்து பார்த்தேன்.
பைஃபோகல். மேலே தூரம், கீழே கிட்டம்,
நடுவில் மயிரிழைக் கோடு.
தீஸ் ஆர் ரெடி சார் என்றேன்,
நெடிலாக,
வேண்டியதற்குக் கொஞ்சம் மேலேயே நீட்டி.