ஐந்தாவது பாட்டில் பதினோரு விநாடி

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிறது.
பின்னால் இருநூறு கிலோ நண்டு, உருகும் ஐஸ்.
போனில், நேற்று நள்ளிரவு வெளியான
'மூணாம் நம்பர் கூண்டு' குழுவின்
மூன்றாவது ஆல்பம்.

பெயர் நான் வைத்தது.
பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய ஒரு நவம்பரில்
போட்டுக்குப் போக முடியாத நாலு பேர்
ஒரே ஆம்ப்ளிஃபயரில் இரண்டு கிதாரைச் செருகி
தெருநாய்கள் தங்கச்சிமடத்துக்குக் குடிபெயரும்வரை வாசித்தோம்.
முதல் ஆல்பம் முழுக்க அந்தச் சத்தம்தான்,
குதிரையே இல்லாத ஊரில் குதிரைக்காரன் பாட்டு.
நம்புராஜன் டிரம்ஸ் ஓடும், ஓடும்,
எங்கே என்று அவனுக்கும் தெரியாது.
இரண்டாவதில் இன்னும் கூட்டினோம்.
அதற்குள் எனக்குக் கல்யாணம், வண்டிக்கடன்.
ரெண்டே மாசம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.
நாலு வருஷம்.

இதை மண்டபத்து ஐஸ் கம்பெனியில் பதிந்தார்களாம்,
தடைக்காலத்தில்,
கம்ப்ரஸர் ஓய்ந்து கிடக்கும் அறுபத்தொரு நாளில்.
சுவரின் ஈரம் காதில் படுகிறது.
எமரென்சியா இப்போது கத்துவதில்லை.
டீசல் டோக்கனைப் பற்றி ஒரு பாட்டு,
கடன்காரனிடம் தவணை கேட்கும் குரலில்.
செய்யது மீரான் பேஸைச் சுவரோரம் சாய்த்துவிட்டு
மடியில் கிடத்திய கிதாரில்
ஸ்பார்க் பிளக் சாவியை உருட்டுகிறான்.
ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு
நங்கூரம் எடுத்த வள்ளம் திரும்புகிற வேகம்.
நம்புராஜனோ
அடிக்க வேண்டிய இடத்தில் பாதியை அடிக்காமல் விடுகிறான்.
யார் சொல்லிக் கொடுத்தது?

ஐந்தாவது, 'கச்சான்'. நான் போட்ட மெட்டு.
அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக.
இரண்டாம் சரணம் முடிகிறது, நான் நுழைகிற இடம்.
விரல்கள் ஸ்டியரிங்கில் ஏறிவிட்டன.

யாரும் நுழையவில்லை.

பதினோரு விநாடி.
திரும்பப் போட்டு எண்ணினேன், பதினொன்றுதான்.
எங்கோ தண்ணீர் சொட்டுகிறது.
யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள்,
அதைக்கூட அழிக்கவில்லை.

தொண்டை அடைத்தது.
எனக்கென்று விட்ட இடம் இது,
இலை போட்டுவிட்டு ஆள் வராத பந்திபோல.
எமரென்சியாவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன்,
அந்த அஞ்சாவது பாட்டுல, அந்த எடம்...
மேலே சொல்ல வரவில்லை.

உடனே பதில்:
"அதுவா? கரண்டு போயிருச்சுடா.
பேட்டரில லேப்டாப்பு மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.
கேட்டுப் பார்த்தோம், நல்லா இருந்துச்சு. வச்சுக்கிட்டோம்.
ஆமா, நண்டு என்ன வெல போகுது?"

ராமேஸ்வரம் ரயில் கடந்துபோனது.
கேட் தூக்கியாயிற்று.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
எந்தச் சுதியிலும் சேராமல்.

விலையைச் சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.
ஆறாவது பாட்டு தொடங்குகிறது,
நான் எங்கேயும் இல்லாத பாட்டு.
சத்தத்தைக் கூட்டினேன்.