பத்து மணி நேரம் பின்னால்

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
மினிபஸ்கள் திரும்புகிற மூலையில் என் கடை.
அகலம் ஒன்றரை மீட்டர்.
சிம் அட்டை, சார்ஜர், சூரியகாந்தி விதை,
மழை பெய்தால் குடை.

அன்று மழை.
அவர் குடை கேட்கவில்லை.
தன் அமெரிக்க போனை இரண்டு கையாலும் நீட்டினார்,
சீக்கு வந்த கோழிக்குஞ்சை நீட்டுவதுபோல.

பெயர் வெண்டல். ஊர் நெப்ராஸ்காவில் எங்கோ.
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார்.
மகன் எல்லிஸ் இங்கே வானியில்
பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான்.
அழைத்துப்போக வருகிறேன் என்றவனை
இரண்டு மணி நேரமாகக் காணோம்.

கூப்பிட வேண்டியதுதானே என்றேன்.
நிமிடத்துக்கு மூன்று டாலர் என்றார்,
போனுக்கே கேட்டுவிடும் போலக்
குரலைத் தாழ்த்திக்கொண்டு.

விமான முறையில் போட்டு வைத்திருந்தார்.
அரை மணிக்கு ஒருமுறை திறப்பார்,
மனசுக்குள் பத்து எண்ணுவார், மூடுவார்.
தொண்ணூறுகளில் நாங்களும் இப்படித்தான்
சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்ப்போம்,
மின்சாரம் வந்துவிட்டதா என்று.

ஊசியால் குத்தித் தட்டைத் திறந்தேன்.
ஐந்து லாரி சிம்மைப் போட்டேன்.
இந்த அட்டை செல்லாது என்றது திரை.
இந்த நோய் எனக்குத் தெரியும்.
தவணை இன்னும் எத்தனை?
பதினொன்று.
அப்படியானால் இது உங்கள் போன் இல்லை ஐயா,
யானையை விற்றவன்
அங்குசத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறான்.

என் ஆங்கிலத்தில் யானை வந்தது,
அங்குசம் வரவில்லை.
பேனாவால் காற்றைக் குத்திக் காட்டினேன்.
அவர் சிரித்தார்.
சிரித்த குலுக்கலில்
கையிலிருந்த அவருடைய அமெரிக்க சிம்
விதைக் கூடைக்குள் விழுந்தது.

சுண்டுவிரல் நகத்தளவு அட்டை.
ஒரு கூடை விதை.
அறுபது வயது மனிதரும் நானும்
ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்.
தெருநாய் ஒன்று, காதில் மஞ்சள் பட்டையோடு,
எங்களை மேற்பார்வை பார்த்தது.

கிடைத்தது. துடைத்துப் போட்டுக்கொண்டார்.
நான் மேஜை இழுப்பறையிலிருந்து
பொத்தான் போன் ஒன்றை எடுத்து
அந்த ஐந்து லாரி சிம்மை அதில் செருகினேன்.
வாடகை நாளுக்கு இரண்டு லாரி,
முன்பணம் இருபது.
முதல் மணியிலேயே எடுத்தான் பையன்.
விமான நிலைய வாசலில் நிற்கிறானாம்,
அப்பா இன்னும் வெளியே வரவில்லை என்று.

அவன் வந்து சேர நாற்பது நிமிடம்.
ஸ்டூலில் உட்கார்ந்தார்.
பழக்கதோஷம், இன்னொருமுறை திறந்தார்.
எண்ணி ஏழாவதில் டிங் என்றது.

மணி மூன்றரை.
அவருடைய ஊரில் விடியற்காலை ஐந்தரை.
கடும் பனி, இன்று பள்ளி இல்லை.

படிக்கக் காசு பிடிப்பார்களோ என்னவோ,
மூடவே இல்லை அவர்.
பன்னிரண்டு குளிர்காலம்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருந்த செய்தியாம்.
சோளக் கிடங்குக்கு அப்புறம் வரும் வளைவில்
பிரேக் பிடிக்காது என்றார்.
கடைசி நிறுத்தத்துப் பெண் ஒருத்தி
இந்நேரம் போர்வையை இழுத்து
மறுபக்கம் திரும்பியிருப்பாள் என்றார்.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
கைநிறைய விதை கொடுத்தேன்.
தோலோடு மென்றார், பாவம்.

நான்காம் நாள் போனைத் திருப்பித் தந்தார்.
இருபது லாரியைத் திருப்பிக் கொடுத்தேன்,
வாடகை எட்டைக் கழிக்க மறந்துவிட்டேன்.

ராத்திரி திறந்து பார்த்தால்
சேமித்த எண்கள் இரண்டே:
எல்லிஸ். லமாரா கடை.
கடிகாரத்தைப் பத்து மணி நேரம்
பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்.

நேற்று ஒரு துருக்கி லாரி ஓட்டுநர்
வாடகைக்கு எடுத்துப் போய்
அரை மணியில் திரும்பி வந்தார்,
மணி தப்பாகக் காட்டுகிறது என்று.

வாங்கிப் பார்த்தேன். ஐந்தரை.
மணி சரியாகத்தான் இருக்கிறது என்று
வேறொரு போன் எடுத்துக் கொடுத்தேன்.