கால் கிலோ

இருபத்தொன்பதாம் தெருவில்
மாடிக்கு ஒரு கயிறு தொங்கும்.
மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கவ்வி.
தெருவில் யாரோ இழுத்தால் வீட்டுக்குள் அடிக்கும்.
செய்தித்தாள், மருந்துச் சீட்டு, சூடு ஆறாத மோஹிங்கா,
ஒருமுறை ஒரு பூனைக்குட்டி.
ரங்கூனின் இந்தக் கட்டடங்களில்
ஆள் தவிர மற்றதெல்லாம் இப்படித்தான் ஏறும்.
ஆளுக்குப் படி.

எங்கள் வீடு ஆறாம் மாடி.
கயிறு பதினைந்து மீட்டர், படி நூற்றிரண்டு.
என் முழங்காலைக் கேட்டால் கூடுதலாகச் சொல்லும்.

மழைக்காற்றில் முட்டைப் பை ஆடுகிறது,
போய்த் திரும்ப எட்டு நொடிக்குச் சற்றுக் குறைவு.
முட்டையானாலும் ஆணிப் பொட்டலமானாலும்
அதே எட்டு.
கயிறு தன் நீளத்தை மட்டுமே கணக்கில் வைக்கும்,
என்ன தொங்குகிறது என்று விசாரிக்காது.
இழுக்க இழுக்க நீளம் குறையும், ஆட்டம் அவசரப்படும்,
நாலாம் மாடி டிஷ் ஆன்டெனாவில் மோதும்.
அவசரத்தில் இழுக்கக் கூடாது என்று கற்க
எனக்கு ஏழு முட்டை செலவானது.

இங்கே அந்தப் பாடத்தின் பெயர் யூப்பா பேதா.
நாக்கை நம் பக்கம் திருப்பினால் ரூப வேதம்.
வேதம் என்றதும் பயந்து
இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றேன்.
தவசீலனுக்கு (பள்ளிப் பதிவேட்டில் மின் தூ)
அதில் தொண்ணூற்றொன்று.
யாரைக் கொண்டிருக்கிறான் என்று
அவன் அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

வார்டு ஆபீஸில் பெயர்ப் பட்டியல் ஒட்டிய வாரம்
உடைந்த சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினான்.
டயரை உரித்து, விட்டத்தில் மாட்டி,
விளிம்பின் பள்ளத்தில் கயிற்றை ஓட்டினான்.
இனிமேல் கம்பிமேல் குனிந்து மேலே இழுக்க வேண்டாம்,
உட்கார்ந்து கீழே இழு என்றான்.
பாரம் குறையுமா என்று கேட்டேன்.
குறையாதும்மா. ஒற்றைக் கப்பி
திசையை மட்டும்தான் மாற்றும்.
வியாழக்கிழமை அவனும் திசை மாறினான்,
மியாவடி வழியாக,
முதுகில் ஒரே ஒரு பை.

குறையாது என்றவனை நான் நம்பவில்லை.
கை சொல்கிறதே, லேசாக இருக்கிறது என்று!
மீன்காரி டோ நியுன்டிடம் வில்தராசு கேட்டேன்.
ஒரு பக்கம் வீசை, மறுபக்கம் கிலோ.
எதற்கு என்று கேட்காமல்
என் கயிற்றிலேயே கவ்வி அனுப்பினாள்,
ஏறி வரும்போது
வழியெல்லாம் கணவாய் வாசம்.

நாலு கிலோ அரிசியை நேராகத் தூக்கினேன்: நாலு.
கப்பி வழியாக, மெதுவாக, ஒரே சீராக இழுத்தேன்:
நாலேகால்.
மறுபடி இழுத்தேன். நாலேகால்.
அப்போது கரண்ட் போனது,
எங்கள் முறை முடிந்துவிட்டது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை.
முள் நகரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் குரல் வந்தது,
துண்டு துண்டாக, நடுவில் யாரோ தாய் மொழியில் அதட்ட.
சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டியவள்
உன் கப்பி கால் கிலோ ஏமாற்றுகிறது என்றேன்.
சற்று நேரம் சத்தமில்லை,
சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு சிரித்தான்.
உராய்வும்மா. எண்ணெய் போடு.

தையல் மெஷின் எண்ணெய், நாலு சொட்டு.
ஸ்டூல்மேல் ஏறி அச்சில் விட்டேன்,
கீழே வழிந்த ஒரு கோட்டைப் புடவையால் துடைத்தேன்.
சக்கரத்தைச் சுண்டிவிட்டால்
இப்போது நெடுநேரம் தானே சுற்றுகிறது.

அரிசியை மாட்டி மறுபடி இழுத்தேன்.
நாலு கிலோ நூறு.

அந்த நூறு கிராம்
எத்தனை எண்ணெய் விட்டாலும் போகாது என்றான் அடுத்த முறை.
இருக்கட்டும் என்றேன்.

மணி அடிக்கிறது.
தராசைத் திருப்பிக் கேட்கிறாள் நியுன்ட்.