மூவாயிரம்

கம்பெனிப் புத்தகம் பத்தாயிரத்துக்கு ஒருமுறை என்கிறது.
அது வேறு வண்டிக்கு எழுதியது.

என் ஜென்னின் வயிற்றில் எஸ்டீம் என்ஜின்.
மவுண்டு மட்டும் கணபதியில்
ஒரு லேத்துப் பட்டறையில்
பம்பு ஷாப்டுகளுக்கு நடுவே கடைந்தது.
அதற்குப் புத்தகம் கிடையாது.
ஆகவே மூவாயிரம்.
யார் கணக்கு என்றால், எண்ணெய் சொன்ன கணக்கு:
டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் ஒற்றினால்
மூவாயிரத்தில் கடுங்காப்பி,
நாலாயிரத்தில் தார்.

கட்டியவன் என் தம்பி தாமரைக்கண்ணன்.
மூன்று மாதம் சூலூரில் எங்கள் ஷெட்டில் தேர்க்கூட்டம்.
விசைத்தறிக்காரர்கள் தறியை ஓடவிட்டு வந்து நின்றார்கள்.
முதல் ஸ்டார்ட்டுக்குத் தேங்காய் உடைத்து,
செட்டிபாளையம் டிராக்கில் நாலு சுற்றுப் போய்,
பானட்டைத் திறந்துவைத்துப் படம் எடுத்து,
தை பிறந்ததும்
யாருடைய ஜிப்சியையோ பிரிக்கப் போய்விட்டான்.
"அக்கா, நீயே ஓட்டிக்க. சித்தெ பாத்துக்கிட்டாப் போதும்."

சித்தெ.

வால்வு இடைவெளியை
என்ஜின் ஆறிக் கிடக்கும் விடிகாலையில்தான் பார்க்க முடியும்.
பகலெல்லாம் பம்புக் கம்பெனியில் மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை,
ஃபீலர் தகடு எவ்வளவு உரச வேண்டும் என்று அதற்குத் தெரியும்:
நகத்தடியிலிருந்து பஸ் டிக்கெட்டை இழுப்பது போல.
அதற்கு மேல் இறுக்கம். அதற்குக் கீழ் சத்தம்.

எங்கள் போர்த் தண்ணி உப்பு.
ரேடியேட்டருக்குச் சிறுவாணி ஊத்துங்க என்பார்
பக்கத்து வீட்டு ராக்கியப்பன், அவர் பிறந்தது ஆர்.எஸ்.புரம்.
நான் பேட்டரித் தண்ணியில்தான் கூலன்ட் கலக்கிறேன்.

ஆடியில் கணவாய்க் காற்று திறந்துகொண்டால்
ஏர் ஃபில்டரில் ஊரே இருக்கும்:
செம்மண், தறிப் பஞ்சு,
ஒருமுறை ஒரு கோழி இறகு.

பெட்ரோல் பங்குப் பையன்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள்.
"ஏனுங்க்கா, உள்ள என்ன மாட்டியிருக்கீங்க?"
எப்ப மாத்துனீங்க என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கிற வேலை,
ஒரே ஒரு ஞாயிறு விட்டுப்போனது.
அடுத்த வாரம் தாளவாடியில் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம்.
திரும்பும்போது திம்பத்தில்
பதினாறாவது வளைவில்
கியர் லீவர் என் உள்ளங்கையில் வேறு பாஷை பேசியது.

ஓரங்கட்டினேன்.
செல்போன் வெளிச்சத்தில்
வலப்பக்க மவுண்டின் நட்டு
விரலுக்குத் திரும்பியது.
விரலுக்கு.

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தபோது
பின்னால் வந்த கரும்பு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.
"அம்மிணி, கூட யாருமில்லீங்களா?"
"பதினேழு ஸ்பேனர் இருக்குதுங்க."
அவர் சிரித்து, ஹெட்லைட்டை அணைக்காமல் நின்றார்.
ரோடு அடைக்கிறதுக்குள் பண்ணாரி இறங்கிவிட்டேன்.
பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி
கை நடுங்கி முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஒப்பணக்காரத் தெருவில் ஒரு பேன்சி ஸ்டோரில்
சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டேன்.
கடைப்பெண் என் நகத்தைப் பிடித்தாள், போட்டுப் பார்க்க.
வேண்டாம், எனக்கில்லை என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்து
நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும்
ஒரு கோடு, ஒரே இழுப்பில்.
மவுண்டில் நாலு, மேனிஃபோல்டில் ஆறு.
கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை.
தம்பி வந்து பார்த்துவிட்டு
"என்னக்கா, மருதாணி வெச்ச மாதிரி" என்றான்.
ஜிப்சி முடிந்துவிட்டதாம். அடுத்தது ஒரு கான்டஸாவாம்.

ஒன்பது ஞாயிறு.
பழைய காலண்டர் தாள்களின் முதுகில் எழுதிவைக்கிறேன்,
கிலோமீட்டர், தேதி, சரி, சரி, சரி.

நேற்று மேனிஃபோல்டில் மூன்றாவது
மயிரிழை விலகியிருந்தது.
அதற்காகத்தானே வரைந்தது.
முறுக்கினேன்,
பழைய கோட்டைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன்.
பாட்டிலில் பாதி இருக்கிறது.